நான் விழாத பள்ளம்

எங்கள் தெரு முனையில் ஒரு பள்ளம் இருந்தது. அதில் நான் விழவே இல்லை. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும். ஏனென்றால் தெருவில் எல்லோரும் நான் விழுந்ததாகத்தான் நம்புகிறார்கள். அவர்களை அப்படி நம்ப வைத்தவன் நான்.

பெங்களூர் ஆடுகோடியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், முதல் மாடியில் குடியிருக்கிறோம். நான், மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். கீழே வீட்டுக்காரர். பக்கத்திலேயே ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்தில் கடைந்து வரும் உருளைகளை மைக்ரோமீட்டரில் அளந்து, சரியாக இருந்தால் பச்சைப் பொட்டு, இல்லையென்றால் சிவப்புப் பொட்டு வைப்பேன். ஒரு மயிரிழை கூடினாலும் சிவப்புதான். பல வருடமாக இதையே செய்து எனக்கு ஒரு கெட்ட குணம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகும் சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டே திரிவேன். சாம்பாரில் உப்புக்கு ஒரு பொட்டு, செருப்பு விட்ட இடத்துக்கு ஒரு பொட்டு, பிள்ளையின் கையெழுத்துக்கு ஒரு பொட்டு. "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று மனைவி அடிக்கடி சொல்வாள். எனக்கு ஆத்திரம் இல்லை, சுத்தம் வேண்டும் அவ்வளவுதான் என்று நான் பதில் சொல்வேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. மறுநாள் பள்ளியில் எட்டாம் வாய்ப்பாடு கேட்பார்கள் என்று மகளை எதிரில் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வரிசையாகச் சொல்லச் சொன்னால் "எய்ட் ஒன்ஸா எய்ட், எய்ட் டூஸா சிக்ஸ்டீன்" என்று பாட்டாகப் பாடிவிடுவாள். நடுவில் கேட்டால்தான் தடுமாற்றம். எட்டையும் ஏழையும் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டால், மறுபடியும் எய்ட் ஒன்ஸாவில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து எண்ணி, மெதுவாக ஏழாவது விரலுக்கு வந்து சேர்வாள்.

"நேரா சொல்லு. முதல்ல இருந்து வராத" என்றேன்.

மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். நான் மறுபடியும் கேட்டேன். ஐந்தாவது முறை எய்ட் ஃபோர்ஸாவில் அவளுக்குக் கொட்டாவி வந்தது. வாயை மூடிக்கொள்ளக்கூடச் செய்தாள், பாவம். ஆனால் அது எனக்குக் கேலியாகப் பட்டது. கை எழுந்துவிட்டது. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "கை வெக்காதீங்க" என்றாள்.

வைக்கவில்லை. தூக்கிய கையை மடக்கி, மகளுக்குப் பின்னால் நின்ற இரும்பு பீரோவில் குத்தினேன். என் முஷ்டி விழுந்த இடத்துக்கும் அவள் தலைக்கும் ஒரு முழம்கூட இருக்காது. பீரோவுக்குள் பாத்திரம் உருண்டது போல ஒரு சத்தம். மகள் அழவில்லை. எண்ணிக்கொண்டிருந்த நாலாவது விரலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிடத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். 'பார், பிள்ளையை அடிக்கவில்லை' என்று ஓடியது. கை வீங்கிக்கொண்டிருந்தது, வலி தோள் வரை ஏறியது, அதற்கு நடுவிலும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் தனியாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

பிள்ளையைத் தனியாக விட முடியாததால் மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர், எப்படி ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். பைக்கைப் பள்ளத்தில் விட்டுவிட்டேன் என்று நானும் கன்னடத்திலேயே சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் தயாராக இருந்தது. பெங்களூரில் இதைவிட எளிதாக விலை போகிற பொய் கிடையாது. எக்ஸ்ரேயில் சுண்டு விரலுக்குக் கீழே, புறங்கை எலும்பு அதன் கழுத்துப் பகுதியில் ஒடிந்து சாய்ந்திருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். எங்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு, நாலு வாரம் கழித்து வரச் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோவில் மகளிடம் சொன்னேன். "அப்பா பைக்ல இருந்து விழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னேன்ல, யார் கேட்டாலும் அப்படியே சொல்லு. சரியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க விழுந்தாருன்னு கேட்டா?"

"நம்ம தெரு முனைல பள்ளம் இருக்குல்ல, அங்க."

"சரிப்பா" என்றாள். மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே மனைவி பீரோவின் நசுங்கல் மேல் மகளின் ஸ்கூல் டைம்டேபிளை நாலு காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். அது அவள் வீட்டுச் சீராக வந்த பீரோ. என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். ஒரு முறை மட்டும், "உங்களுக்குக் கட்டுப் போட்டாச்சு, பீரோவுக்கு எப்ப போடறது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டிருந்தால் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

கீழ்வீட்டு ஓனர் ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார். அந்தப் பள்ளத்தைப் பற்றி இரண்டு வருடமாகக் கார்ப்பரேஷனுக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தவர். என் கட்டைப் பார்த்ததும் அவருக்குக் கோபமும் வந்தது, ஒரு சந்தோஷமும் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

"நோடி சார், இத்தன நாள் நாம வாயில சொன்னோம், யாரும் கேக்கல. இப்ப ப்ரூஃப் இருக்குது. ஒரு ஃபோட்டோ மட்டும் பேக்கு, வேணும்" என்றார்.

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று கேட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்ததே தவிர, வாய் திறக்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் கட்டுக் கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றேன். மகள் பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தாள். "பாப்பாவும் நிக்கட்டும், சின்னக் கொழந்தைங்க நடக்கற ரோடுன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்று அவளையும் என் பக்கத்தில் நிறுத்தினார். புத்தகப் பையோடு நின்றாள். சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தாள். அந்தப் படத்தை ஒட்டிய தாளில் தெருவே கையெழுத்துப் போட்டது. பூக்கார அம்மா பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, "நல்லா ஆயிடும் கண்ணு" என்று என் கட்டைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் வண்டி வந்து ஜல்லி கொட்டி, தார் ஊற்றிப் பள்ளத்தை மூடினார்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓனர் கீழேயிருந்து அண்ணாந்து, "உங்க கை போனாலும் ரோடு வந்துடுச்சு சார்" என்று கத்தினார். தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூட அந்தப் பூசணிக்காய்க்காக ஊர் கைதட்டுவதை நின்று கேட்டிருக்க மாட்டான்.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்த கை என்னுடையது போலவே இல்லை. தோல் உரிந்து, மெலிந்து, இரண்டு விரல்கள் நேராக விறைத்து நின்றன. மடக்கு என்று மனதில் சொன்னால் மற்ற மூன்றும் மடங்கும். அந்த இரண்டும் வேறு யாருக்கோ சொன்னது போல நிற்கும். மைக்ரோமீட்டர் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும், அதன் வளைந்த சட்டத்தை உள்ளங்கையோடு அணைத்துப் பிடிப்பது சுண்டு விரலும் மோதிர விரலும்தான். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் திருகுவதற்கு. கம்பெனியில் இரண்டு மாதத்துக்கு ரிப்போர்ட் எழுதும் வேலை கொடுத்தார்கள். அதற்குள் கை வரவில்லையென்றால் பேக்கிங் செக்‌ஷன் என்று மேனேஜர் நல்ல விதமாகவே சொன்னார். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை.

பிசியோதெரபி கிளினிக் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்தது. அங்கே இருந்தவர் பெங்களூரிலேயே, நீலசந்திராவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். உருக்கிய மெழுகுத் தொட்டியில் என் கையை முக்கி முக்கி எடுத்து, துண்டில் சுற்றி வைப்பார். சூடு இறங்கியதும் மெழுகை உரித்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்ப்பேன். கடைசியில் ஒரு ஸ்கேலை எடுத்து, நான் மடக்கக்கூடிய அளவு மடக்கிய பிறகு, சுண்டு விரல் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து ஒரு தாளில் குறிப்பார். முதல் நாள் நாலு சென்டிமீட்டர்.

"வீட்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பண்ணணும் சார். முதல்ல கொக்கி மாதிரி, அப்புறம் மேஜை மாதிரி, அப்புறம் முழு முஷ்டி. பத்துப் பத்து தடவ. நான் இங்க பண்றது கால்வாசிதான். மீதி உங்க கைல."

முழு முஷ்டி. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது.

அன்று சாயங்காலம் கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தேன். மகள் எதிரில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கொக்கி வரைக்கும் ஒன்றுமில்லை. மேஜைக்கும் ஒன்றுமில்லை. முஷ்டிக்கு வந்து, வலியில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையை முகத்துக்கு நேராகத் தூக்கி மடக்கினேன். நிமிர்ந்தபோது அவள் கிரேயான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றையும் விடாமல் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டு, அடுப்படிக்குப் போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து மீதிப் படத்தை வரைந்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு செய்தேன். தண்ணீர் வீணாகிறது என்று ஓனர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். அதற்கு மறுநாள் கம்பெனிக் கழிப்பறையில் செய்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். என் கையை மடக்குவதற்கு எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. பிறகு அப்படியே விட்டுவிட்டேன். சோறு ஸ்பூனில் சாப்பிட்டேன். சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் தயிர்ச் சோற்றைக் குண்டானோடு பிசைந்து மகளின் உள்ளங்கையில் உருண்டை உருட்டி வைப்பது என் வழக்கம். இப்போது அதையும் மனைவி செய்தாள். மகள் கையை நீட்டி வாங்கிச் சாப்பிடுவதை ஸ்பூனோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும், "வீட்ல பண்றீங்களா?" என்று கேட்பார். பண்றேன் என்பேன். ஸ்கேல் மூன்றரை காட்டும். அடுத்த வாரமும் மூன்றரை. அதற்கடுத்த வாரமும் மூன்றரை. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கொண்டுவந்த உருளையில் பொய்யைக் கண்டுபிடித்தவன் நான். ஓர் அளவு மூன்று வாரம் அசையாமல் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது.

நாலாவது வாரம் மெழுகை உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "பைக்ல விழுந்தா மணிக்கட்டுல அடிபடும் சார். தோள்ல படும். இந்த எலும்பு அப்படிச் சும்மா ஒடையாது. செவுரா, கதவா?"

நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"எங்கப்பாவுக்கும் இதே எலும்புதான். மூணு தடவ" என்றார். "எங்க வீட்ல கதவு. ஒவ்வொரு தடவயும் கதவு காத்துல சாத்திக்கிச்சுன்னுதான் சொன்னாரு. கடைசி வரைக்கும் அதான் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நாங்களும் காத்துன்னுதான் சொன்னோம். அக்கம்பக்கத்துல கேட்டா, ஆமா, நல்ல காத்துன்னுவோம்." என் சுண்டு விரலைப் பிடித்து மடக்கினார். "அவரு விரல் கடைசி வரைக்கும் மடங்கல. டீ கிளாஸ் பிடிக்கும்போது தனியா நிக்கும். இன்னும் பதினஞ்சு நாள்ல உங்களுது வரலன்னா, அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. பொய் சொல்லிட்டு இங்க வராதீங்க சார், எனக்கு டைம் வேஸ்ட்."

திட்டியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கோபப்படுவது எனக்குச் சுலபம். அவர் மெழுகை உருண்டையாக்கித் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்த வாரக் கடைசியில் மகளின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. மனைவிக்கு வேலை இருந்ததால் நான் போனேன். மகள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டுப் பிரித்த பிறகு அவள் என் வலப் பக்கம் நடப்பதே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். கிளாஸ் டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"கை எப்படி இருக்கு சார்? இவ கிளாஸ்ல எல்லாருக்கும் சொன்னா. 'மை ஹீரோ' அப்படின்னு ஒரு டாபிக் குடுத்தோம், இவ உங்களப் பத்திப் பேசினா. எனக்கே கண்ல தண்ணி வந்துடுச்சு."

எனக்குப் புரியவில்லை. டீச்சர் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "பைக்ல இவளும் பின்னாடி உக்காந்திருந்தாளாமே. கீழ விழறப்ப இவளுக்கு அடிபடக் கூடாதுன்னு நீங்க கைய குடுத்துட்டீங்களாம். அதனாலதான் உங்க கை ஒடஞ்சுதாம். 'எனக்கு வந்த அடிய எங்கப்பா வாங்கிக்கிட்டாரு'ன்னு சொன்னா சார்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரிடம் நான் ஏதோ சொன்னேன். 'ஆமாம்' என்று சொல்லவில்லை என்று நினைக்க ஆசைப்படுகிறேன். ஆனால் தலையை ஆட்டினேன். ஆட்டியது நன்றாக நினைவிருக்கிறது. மார்க் ஷீட்டில் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்து டீச்சர், "ஐயோ பாவம்" என்றார்.

வெளியே வந்து பள்ளிச் சுவரோரம் நிறுத்தியிருந்த பைக்குப் பக்கத்தில் நின்றோம். சீட்டில் அவளைத் தூக்கி உட்கார வைத்தேன்.

"அப்பா பள்ளத்துல விழலன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்ன?"

"நீதானே சொல்லச் சொன்ன." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நான் மறந்துவிட்டேனோ என்று நினைவுபடுத்துகிற குரல். பிறகு, "பள்ளம் மட்டும் சொன்னா கத சீக்கிரம் முடிஞ்சிடுது. மிஸ் அஞ்சு நிமிஷம் பேசச் சொன்னாங்க" என்றாள்.

"நீ பின்னாடி உக்காந்திருந்தன்னு எதுக்குச் சொன்ன?"

அவள் பைக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பித் தன் முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்கு நான் அங்கதானே இருந்தேன்" என்றாள். கண்ணாடியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "அது எனக்கு வந்த அடிதானேப்பா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. பீரோவைத்தானே அடித்தேன், உன்னைத் தொடவே இல்லையே என்று. இத்தனை வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "அப்பா பண்ணது தப்பு. உன்னப் பொய் சொல்ல வெச்சது அதவிடத் தப்பு. பள்ளத்துல விழுந்தாருன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாத."

"கேட்டாங்கன்னா?"

"அப்பாகிட்ட கேளுங்கன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் அவள் முன்னாலேயே சொன்னேன், தினமும் இந்தக் கையை மடக்கியாக வேண்டும், பார்க்கப் பயமாக இருந்தால் நான் உள்ளே போய்ச் செய்கிறேன் என்று. அவள் எத்தனை நாள் என்று கேட்டாள். விரல் நுனி உள்ளங்கையைத் தொடும் வரைக்கும் என்றேன். இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். மூன்றரை என்றதும், பையிலிருந்து தன்னுடைய ஸ்கேலை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. காலையில் ஒரு முறை, பள்ளி விட்டு வந்து ஒரு முறை, சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை. வெந்நீரில் கல்லுப்புப் போட்டு மனைவி கொண்டுவந்து வைப்பாள். "உப்பத் தின்னவன் தண்ணி குடிக்கணும், உடைச்சவன் வலி தாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் கொண்டுவந்து வைத்தாள். கொக்கி பத்து, மேஜை பத்து, முஷ்டி பத்து. மகள் எண்ணுவாள். முடிந்ததும் மூக்கு என் கையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து அளப்பாள். மூன்று. இரண்டே முக்கால். அளவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாள். ஒரு நாள் நான், "ரெண்டுன்னே போட்டுக்கோயேன்" என்றேன். "ரெண்டு புள்ளி மூணுதான் இருக்கு" என்று அதையே எழுதினாள்.

பதினைந்து நாள் முடிந்தபோது ஒன்றரை இருந்தது. பிசியோதெரபி பெண் தாளில் குறித்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். "இப்ப பண்றீங்க" என்றார். மகள்தான் அளக்கிறாள் என்று சொன்னேன். அவர் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம் போல வலிக்க வலிக்க மடக்கினார்.

மகள் என்னை மன்னித்துவிட்டாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அவள்தான் பக்கத்தில் வந்து உட்காருகிறாளே, என் விரலைத் தானே தொடுகிறாளே. இன்ஸ்பெக்‌ஷனில் இதைத்தான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன், உனக்குப் பிடித்த அளவு வந்ததும் கருவியைக் கீழே வைத்துவிடாதே, இன்னொரு முறை அள. எனக்குப் பிடித்த அளவு வந்ததும் நான் கீழே வைத்துவிட்டேன். கம்பெனியில் மறுபடி மைக்ரோமீட்டர் கையில் கொடுத்தார்கள். ஓனரிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போனது. தார் ஊற்றிய இடத்தை பைக்கில் கடக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைப்பேன். அங்கே பள்ளம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் குறைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தோம். பத்தாவது முஷ்டியில் சுண்டு விரல் நுனி உள்ளங்கையில் போய்ப் பட்டது. நகம் சதையில் அழுந்துவது தெரிந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த உணர்ச்சி. மகள் ஸ்கேலைச் செருகிப் பார்த்தாள், நுழையவில்லை. இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"ஜீரோ" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். அடுப்படியைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்குக் காட்ட வேண்டும் என்று இறுக்கி மடக்கியபடியே கையைத் தூக்கினேன். மெலிவெல்லாம் போய்த் தேறிவிட்ட கை. ஐந்து விரலும் ஒழுங்காக மடங்கிய, ஒரு குறையும் இல்லாத முழு முஷ்டி.

மகள் எழுந்து பின்னால் நகர்ந்தாள். டைம்டேபிள் ஒட்டியிருந்த பீரோவில் முதுகு இடித்ததும் நின்றாள். கண் என் கையிலேயே இருந்தது.

"எய்ட் செவன்ஸா ஃபிஃப்டி சிக்ஸ்" என்றாள்.

முதலிலிருந்து தொடங்காமல், விரலை எண்ணாமல், நேராகச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.